திவாலானவரின் வீடும் வாகனமும்: ஃபிக்ஹு வகுத்த எல்லை

ஜனாஸா தொழுகைக்கு முன் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்பு செய்யப்படுகிறது. மர்ஹூம் அவர்கள் யாருக்கேனும் பணம் தர வேண்டியிருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள் என்று மகனோ சகோதரரோ எழுந்து நின்று சொல்வார். கடனுடன் இறந்தவரின் ஜனாஸாவைத் தாம் தொழ வைக்காமல், அக்கடனுக்கு ஒருவர் பொறுப்பேற்கும் வரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலகி நின்ற வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பிற்காலத்தில் வெற்றிகளால் வசதி பெருகியபோது, அத்தகையோரின் கடனை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் தெரியும்.

இறந்தவரின் கடனைப் பற்றி இவ்வளவு கவனமாகப் பேசும் நாம், உயிரோடிருக்கும் கடனாளியைப் பற்றிப் பேசுவதில்லை. கடை நொடித்து, கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது அவர் எதை விற்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம்? மனைவியின் கழுத்துச் சங்கிலி வரை விற்றுவிட்டு வாடகைக்கும் வழியின்றி நிற்பவர் ஒருபுறம். இரவோடு இரவாக வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைத்துவிட்டு 'மஞ்சள் கடுதாசி' கொடுப்பவர் மறுபுறம். இவ்விரண்டும் மார்க்கம் காட்டிய வழியல்ல என்பதை அறிய, வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பழங்களை விலைக்கு வாங்கிய ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டுக் கடன் பெருகியது. அவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறினார்கள். மக்கள் கொடுத்தார்கள், கடனுக்குப் போதவில்லை. அதன் பின்னர் கடன் கொடுத்தவர்களை நோக்கி, கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் கூறினார்கள். இந்நிகழ்ச்சியின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் அழைக்கப்பட்டது சமுதாயம். கடன்காரர்களின் முறை அதன் பிறகே வந்தது.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. கைநிறையக் கொடுக்கும் இயல்புடைய அவர்கள் கடனில் மூழ்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய சொத்தைக் கையாளத் தடை விதித்து, அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் ஃபிக்ஹு நூல்களில் திவால் பற்றிய பாடம் பெரும்பாலும் இதனுடன்தான் தொடங்குகிறது. சொத்தை இழந்த அதே முஆத் (ரலி) அவர்களே பின்னர் யமன் நாட்டுக்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார்கள். நொடித்துப்போனவரை ஜமாஅத் நிர்வாகத்தில் ஒரு பொறுப்புக்கும் தகுதியற்றவராகக் கருதும் நம் ஊர் வழக்கம் எங்கிருந்து வந்ததோ, நாம் அறியோம்.

வாகனத்தால் திவாலானவர் ஒருவரையும் வரலாறு பதிவு செய்துள்ளது. ஜுஹைனா குலத்தைச் சேர்ந்த அவர், மற்ற ஹாஜிகளை முந்திச் செல்வதற்காக விரைந்தோடும் ஒட்டகங்களைக் கூடுதல் விலைக்கு வாங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். இறுதியில் கடன் அவரைச் சூழ்ந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன் இச்செய்தியைச் சொல்லி, அவரிடம் பணம் வர வேண்டியவர்கள் மறுநாள் காலை வரட்டும், சொத்தைப் பங்கிட்டுத் தருகிறோம் என்று அறிவித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா குறிப்பிடுகிறது. முந்திச் செல்ல வேண்டும் என்பதற்காக வாங்கிய வாகனம், வாழ்வதற்குத் தேவையான வாகனம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றே தெரிந்திருந்தது.

ஆனால், தேவையானது எது? இங்கேதான் இமாம்கள் பிரிகின்றனர். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு, கேட்பவரைத் திடுக்கிடச் செய்யும். 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், திவாலானவரின் குடியிருப்பும் பணியாளும் விற்கப்பட வேண்டும் என்பதே வலுவான கருத்து என்று மின்ஹாஜில் பதிவு செய்கிறார்கள். உரையாசிரியர்கள் வாகனத்தையும் இதனுடன் சேர்க்கின்றனர். நோயாலோ அந்தஸ்தாலோ அவை தேவைப்பட்டாலும் இதுவே முடிவு. அவரிடம் விடப்படுவது தகுதிக்கேற்ற ஓர் உடுப்பு: சட்டை, கால்சட்டை, தலைப்பாகை, காலணி, குளிர்காலமானால் மேலங்கி ஒன்று கூடுதலாக. பங்கீடு நடைபெறும் நாளில் அவருக்கும் அவர் பராமரிப்பில் உள்ளோருக்கும் உணவு.

இவ்வளவு கடுமை ஏன்? வாடகைக்கு வீடு பெறுவது எளிது என்பது உரையாசிரியர்கள் கூறும் காரணம். அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. வாடகைக்கு வழியில்லையெனில் அப்பொறுப்பு முஸ்லிம்கள் அனைவர் மீதும் விழுகிறது என்று கதீப் அஷ்ஷிர்பீனி (ரஹ்) எழுதுகிறார். சட்டத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சாய்ந்து நிற்கும் இரண்டாம் பாதியை நாம் மறந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. வசிக்கும் வீடு இருப்பதால் ஒருவர் ஸகாத் பெறும் ஏழை என்ற தகுதியை இழப்பதில்லை என்று கூறுவதும் இதே மத்ஹபுதான். பின்வந்த ஷாஃபிஈ அறிஞர்கள் சிலர் ஆலிமுக்கு அவருடைய நூல்களையும், ஊதியம் பெறும் படைவீரருக்குத் தேவையான குதிரையையும் ஆயுதத்தையும் விட்டுவைத்தனர். தொழிலுக்கான வாகனம் என்ற எண்ணத்துக்கு இங்கே ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. பங்கீட்டுக்குப் பிறகு, மீதிக் கடனுக்காக உழைத்துச் சம்பாதிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் மின்ஹாஜின் முடிவே.

ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) வேறு வழியில் செல்கிறார். வசிக்காமல் இருக்க முடியாத வீடு, உணவையும் உடையையும் போன்றது. அதை விற்கக் கூடாது என்பது அவர் வாதம். பழ வியாபாரியின் நிகழ்ச்சியைக் காட்டி எதிர்ப்போருக்கு, அம்மனிதருக்கு அத்தகைய வீடு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பதிலளிக்கிறார். ஆயினும் தகுதிக்கு மிஞ்சிய மாளிகையானால் அதை விற்று, ஏற்ற வீடொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கடன்காரர்களுக்குத் தர வேண்டும் என்கிறார். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், கடனுக்காக ஒருவரின் சொத்தைக் காழி தடுத்து விற்பதையே ஏற்கவில்லை. அவர்களுடைய மாணவர்களான அபூ யூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஏற்றனர். உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா, மாணவர்களின் வழியையே சட்டமாக்கியது. முதலில் ரொக்கம், பின்னர் சரக்கு, அதுவும் போதாதபோது மட்டுமே நிலமும் வீடும்; பெரிய வீடானால் விற்றுச் சிறியது வாங்கித் தருதல். நமக்கு இதுவே நெஞ்சுக்கு நெருக்கமான ஏற்பாடாகப் படுகிறது.

சென்னை மாகாணத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு இவற்றுள் எதுவும் நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை. திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் ஷரீஅத் இருந்தது. கடனுக்கு ஆங்கிலேயர் சட்டம். சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். முதலாவது, தொழில் கருவி, துணி, படுக்கை, சமையல் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது. இரண்டாவது, 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியவற்றைத் தானும் விலக்கியது. அப்பிரிவு உழவரின் ஏரையும் மாட்டையும் விதை நெல்லையும் அவர் குடியிருக்கும் வீட்டையும் காத்தது. வணிகரின் வீட்டைக் காக்கவில்லை. துணிக்கடை வைத்த மரைக்காயரும் தோல் மண்டி நடத்திய ராவுத்தரும் நொடித்தபோது, பக்கத்து ஊர் விவசாயிக்கு இருந்த கூரை அவர்களுக்கு இல்லாமற் போனது இதனால்தான்.

2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டம் இக்குறையை ஓரளவு தீர்க்க முனைகிறது. தொழிலுக்கோ சொந்தப் பயன்பாட்டுக்கோ அவசியமான வாகனம், வீட்டுச் சாமான்கள், குறிப்பிட்ட மதிப்புக்குட்பட்ட ஒரே குடியிருப்பு ஆகியவை அதன் 79-ஆம் பிரிவில் விலக்கப்பட்ட சொத்துக்கள். ஆனால் தனிநபர் பற்றிய அப்பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றோருக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏனையோருக்கு இதை எழுதும் வரை பழைய சட்டங்களே தொடர்கின்றன.

புதிய சட்டத்தின் விலக்கும் அடமானமற்ற சொத்துக்கே உரியது. ஃபிக்ஹும் இதில் வேறுபடவில்லை: அடைமானப் பொருளின் மீது முதல் உரிமை அடைமானம் பெற்றவருக்கே. விலை செலுத்தப்படாத பொருள் திவாலானவரிடம் அப்படியே இருக்கக் கண்டால், விற்றவரே அதற்கு அதிக உரிமையுடையவர் என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. ஹனஃபிகள் மட்டும் அவரை மற்றக் கடன்காரர்களுடன் ஒருவராகவே நிறுத்துகின்றனர். தவணையில் எடுத்த வண்டியைத் தன் சொத்தென்று எண்ணியிருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நீதிமன்றம் தரும் விடுவிப்புக்கும் ஃபிக்ஹுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. விடுவிப்பு ஆணைக்குப் பின் சட்டப்படி அப்பழைய கடன்கள் பெரும்பாலும் அற்றுவிடும். ஃபிக்ஹில் மீதி அவருடைய பொறுப்பிலேயே இருக்கும். வசதி வரும் வரை கேட்டு நெருக்குவது மட்டுமே தடை. அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் கடன் கொடுத்தவருக்கு அவகாசத்தைக் கடமையாக்கி, விட்டுக்கொடுப்பதைச் சிறப்பித்துக் கூறுகிறது.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றும் பழக்கத்துக்கு வருவோம். காழி தடை விதித்த பின் செய்யும் அன்பளிப்பு செல்லாது என்பது ஃபிக்ஹு. மாற்றி எழுதிய 2 ஆண்டுகளுக்குள் திவால் மனு வந்தால் அந்த அன்பளிப்பைச் செல்லாததாக்கலாம் என்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். இத்தந்திரத்தைத் தேடும் கணவர்கள், மனைவிக்கு உண்மையாகவே உரியதை மறந்துவிடுகின்றனர். அவர் பெற்றோர் அவருக்கே கொடுத்த நகையும், அவர் கைக்கு வந்துவிட்ட மஹரும் கணவரின் கடனுக்கு உரியவை அல்ல. கொடுக்கப்படாத மஹரோ கணவர் பட்ட கடன். இறந்த கணவரின் சொத்திலிருந்து மற்றக் கடன்காரர்களுடன் சேர்ந்து அதைப் பெறும் உரிமை மனைவிக்கு உண்டு என்று பிரிவி கவுன்சிலும் 1916-இல் ஒப்புக்கொண்டது. கடன் பட்டியல் எழுத உட்காரும்போது, வங்கிக்கும் மொத்த வியாபாரிக்கும் அடுத்து அவருடைய பெயரும் அதில் எழுதப்பட வேண்டும்.