கண்ணகி கோயில் மலைப்பாதை

கண்ணகி கோயில் மலைப்பாதை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கூடலூருக்குத் தெற்கே உள்ள பளியங்குடியில் தொடங்கி, தமிழ்நாடு - கேரள எல்லை மலைமுகட்டில் அமைந்துள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் வரை ஏறிச் செல்லும் பழமையான காட்டுவழி ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர். கோயில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரை மாத முழுநிலவு நாளில் மட்டுமே பொதுமக்கள் இக்கோயிலுக்குச் செல்ல அனுமதிக்கப்படுகின்றனர். அன்று அதிகாலையில் ஏறத் தொடங்குவோர் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால் இது ஒரு நாள் நடைப்பயணமாகவே அமைகின்றது.

அமைவிடம்

மேற்குத் தொடர்ச்சி மலையில், தென்காசி மாவட்டச் சிவகிரிக்கு மேற்கே எழும் சிவகிரி மலைகள் முதல் குமுளிக் கணவாய் வரை நீளும் மலைமுகடு நெடுங்காலமாக எல்லையாக விளங்கி வருகின்றது. முன்னர் இது மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான எல்லை. இன்று தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் எல்லை. இம்முகட்டின் தென்கோடியில் உள்ள சிவகிரி மலைகளிலேயே பெரியாறு தோன்றுவதாகக் கூறப்படுகின்றது. வடமேற்குக் கோடியில், குமுளிக்குக் கிழக்கே கண்ணகி கோயில் நிற்கின்றது. இவ்விடம் வண்ணாத்திப்பாறை எனப்படும். கண்ணகி விண்ணுக்கு ஏறிய இடம் என்னும் பொருளில் 'விண்ணேற்றிப்பாறை' என்பதே பின்னர் இவ்வாறு மருவியது என உள்ளூரில் விளக்கம் சொல்வதுண்டு. இது ஒலி ஒற்றுமையைக் கொண்டு பிற்காலத்தில் எழுந்த விளக்கமாகவும் இருக்கலாம்.

முகட்டில் நின்றால் கிழக்கிலும் வடக்கிலும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் தெரியும். மேற்கிலும் தெற்கிலும் தேக்கடியின் அடர்காடு பரந்திருக்கும். முகட்டின் ஒரு புறம் பெய்யும் மழை வையையை நோக்கியும், மறுபுறம் பெய்யும் மழை பெரியாறு வழியாக அரபிக்கடலை நோக்கியும் ஓடும். இந்த நீர்ப்பிரிமுகட்டைக் குடைந்தே 1895 ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணையின் நீர் கிழக்கே திருப்பப்பட்டது. அணையைக் கட்டிய பொறியாளர் சான் பென்னிகுயிக்கின் நினைவு மணிமண்டபம் மலையடிவாரத்தில் உள்ள லோயர் கேம்ப்பில் 2013 இல் திறக்கப்பட்டது. மலைப்பாதைக்குச் செல்வோர் பெரும்பாலும் இவ்வூர் வழியாகவோ கூடலூர் வழியாகவோ பளியங்குடியை அடைகின்றனர்.

சிலப்பதிகாரத் தொடர்பு

இப்பாதையை மற்ற மலைவழிகளிலிருந்து வேறுபடுத்துவது சிலப்பதிகாரமே. மதுரையை எரித்த பின் கண்ணகி மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வையைக் கரையை ஒட்டி நடந்து, மலைநாட்டை அடைந்து, நெடுவேள் குன்றத்தில் ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்றாள் என்றும், கோவலன் இறந்த பதினான்காம் நாளில் அவனுடன் வானுலகம் சென்றாள் என்றும் காப்பியம் கூறுகின்றது. அதனைக் கண்ட குன்றக்குறவர், பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் செய்தியைச் சொல்கின்றனர். அவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து, கங்கையில் நீராட்டி, பத்தினிக்குக் கோட்டம் எடுக்கின்றான்.

இவ்விவரங்களை நிலப்படத்தோடு ஒப்பிடுவது பயனுள்ளது. மதுரையிலிருந்து கூடலூர் வரை சாலைவழித் தொலைவு சுமார் 120 கிலோமீட்டர். வையைக் கரையிலேயே மேற்கு நோக்கி நடந்து, பின் அதன் கிளையாறான சுருளியாற்றைப் பின்பற்றினால் கம்பம் பள்ளத்தாக்கின் முடிவில் இம்மலையே எதிரே நிற்கும். பதினான்கு நாளுக்கு இத்தொலைவைப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஒன்பது கிலோமீட்டர் அளவே வருகின்றது. துயருற்ற ஒரு பெண் தனியே நடக்கக்கூடிய தொலைவே இது. முகட்டைக் கடந்தால் சில கிலோமீட்டரிலேயே பெரியாற்றின் வடிநிலம் வந்துவிடுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. காப்பியத்தின் வரந்தரு காதையில் மங்கல மடந்தை கோட்டம் என ஒரு கோயிலும், அம்மலை உச்சியில் சுனைகளும் பேசப்படுகின்றன. மங்கலதேவி என்னும் இன்றைய பெயரை ஆய்வாளர் சிலர் இதனுடன் இணைப்பர். கோயிலின் அருகே இன்றும் சுனை ஒன்று உள்ளது.

எனினும் இவை பொருத்தங்களேயன்றி முடிந்த சான்றுகள் அல்ல. நெடுவேள் குன்றம் எது என்பதில் பழங்காலம் முதலே கருத்து வேறுபாடு உண்டு. திருச்செங்கோடு என்போரும் உளர். செங்குட்டுவன் எடுத்த கோயில் கேரளத்தின் கொடுங்கல்லூர் பகவதி கோயிலே என்போரும் உளர். உ. வே. சாமிநாதையர் 1892 இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னரே இத்தகைய இட ஆய்வுகள் பரவலாயின. வண்ணாத்திப்பாறைக் கோயிலைக் கண்ணகி கோட்டம் என அடையாளம் கண்டு எழுதியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆவார். பூம்புகாரிலிருந்து மதுரை வழியாக இம்மலை வரை கண்ணகி சென்ற வழியைத் தாமே நடந்து ஆராய்ந்த அவர், 1960களில் இம்முடிவை வெளியிட்டார். இன்று தமிழ்நாட்டில் இக்கோயில் பெற்றிருக்கும் புகழுக்குப் பெரிதும் அவருடைய கால்நடையே காரணம் எனலாம்.

கோயில்

முகட்டில் இருப்பது சிதைந்த கருங்கற் கோயில் தொகுதி. சுண்ணாம்புக் காரை இன்றி, கனத்த கற்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்ட சிறு கோயில்களும், வாயில்களும், சுற்றுச்சுவரின் எச்சங்களும் காணப்படுகின்றன. கட்டட அமைப்பைக் கொண்டு இது பாண்டியர் பாணியைச் சேர்ந்தது என்பர். இன்று நிற்கும் கட்டடம் இடைக்காலத்தது. செங்குட்டுவன் காலத்தது அன்று. மழையும் காற்றும் மரவேர்களும் பல இடங்களில் கற்களைப் பெயர்த்துள்ளன. யானைகள் நடமாடும் காடு என்பதால் அவற்றாலும் சேதம் ஏற்படுவதுண்டு. ஆண்டில் 364 நாட்கள் ஆளற்றுக் கிடக்கும் ஒரு கட்டடத்தைப் பேணுவது எளிதன்று.

பாதை

பளியங்குடி என்பது பளியர் என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர். இதனை அடுத்துத் தமிழ்நாட்டுக் காப்புக்காடு தொடங்குகின்றது. கம்பம் பள்ளத்தாக்கின் தரை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நடப்போர் மொத்தத்தில் சுமார் 900 மீட்டர் ஏற வேண்டியுள்ளது. மலைநடைக்கு நேரம் கணிக்கச் சுகாட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெயிசுமித் 1892 இல் வகுத்த விதி ஒன்று உண்டு (சிலப்பதிகாரப் பதிப்பும் அதே ஆண்டு என்பது தற்செயல்). ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பதே அவ்விதி. இதன்படி இப்பாதைக்கு மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆனால் அது உடல் வலுவுள்ளவர், ஓய்வின்றி, குளிர்ந்த நாட்டில் நடப்பதற்கான கணக்கு. சித்திரை வெயிலில், பொங்கல் பானையும் குழந்தைகளும் உடன்வர, நெரிசலில் ஏறுவோருக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் எடுத்துக் கொள்வதே பாதுகாப்பு.

கீழ்ப்பகுதி புதர்களும் இலையுதிர் மரங்களும் நிறைந்த வறண்ட காடு. நிழல் குறைவு, பாறைகளும் உருளும் கற்களும் மிகுதி. வேங்கை மரம் இம்மலைத்தொடரின் இலையுதிர் காடுகளில் இயல்பாக வளர்வது. காப்பியத்தில் வரும் மரத்தைத் தேடுவோர் அதனைக் கேட்டறிந்து கொள்ளலாம். மேலே செல்லச் செல்ல மரங்கள் குறைந்து உயரமான புல் மூடிய சரிவுகள் வருகின்றன. இதுவே பாதையின் செங்குத்தான பகுதி. முகட்டை எட்டியதும் காற்று மாறிவிடுகின்றது. கடைசித் தொலைவு புல்வெளி முகட்டின் மீதே செல்வதால் இரு மாநிலங்களையும் ஒரே பார்வையில் காணலாம்.

ஏறுவதைவிட இறங்குவதிலேயே காயங்கள் நேர்வது வழக்கம். காய்ந்த புல் வழுக்கும், முழங்கால் களைத்திருக்கும், மாலைக்குள் இறங்க வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஊன்றுகோல், பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாத நீர் ஆகியவை தேவை. குடிநீர்த் தொட்டிகளும் மருத்துவக் குழுக்களும் வழியில் அமைக்கப்படுகின்றன என்றாலும் அவற்றை மட்டும் நம்பிச் செல்வது நன்றன்று. இதய நோயுள்ளோரும் முதியோரும் குமுளி வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடாகச் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கரடுமுரடான மண்பாதையில் சீப்பு வண்டிகள் விழா நாளில் இயக்கப்படுகின்றன.

சித்திரை முழுநிலவு விழா

விழாவிற்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசி ஏற்பாடுகளை முடிவு செய்கின்றனர். இரு மாநிலக் காவல்துறையினரும் வனத்துறையினரும் பணியில் இருப்பர். காலையில் திறக்கப்படும் வழி பிற்பகலில் ஏறுவோருக்கு மூடப்படுகின்றது. நெகிழிப் பைகள், சிறு நெகிழிப் போத்தல்கள், மது, புலால் உணவு ஆகியவை தடை செய்யப்பட்டவை. கோயிலில் தமிழ் முறையிலும் மலையாள முறையிலும் வழிபாடு நடக்கின்றது. பெண்கள் பொங்கலிட்டு, வளையலும் மஞ்சள் கயிறும் பெற்றுச் செல்வர். கணவனை இழந்து, சிலம்பை உடைத்து, ஒரு நகரையே எரித்தவளின் கோயிலில் தாலிக்கயிறு மங்கலப் பொருளாக வழங்கப்படுவது சிந்திக்கத்தக்கது.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நோய்ப் பரவலால் விழாவிற்குப் பக்தர்கள் அனுமதிக்கப்படவில்லை. 2022 இல் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. 2024 இல் ஏப்ரல் 23 அன்றும், 2025 இல் மே 12 அன்றும் சித்திரை முழுநிலவு நாள் அமைந்தது. முழுநிலவைக் கொண்டு கணிக்கப்படுவதால் நாள் ஆண்டுதோறும் மாறும். ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை எந்நாளிலும் வரக்கூடும்.

எல்லைச் சிக்கல்

கோயில் எந்த மாநிலத்திற்கு உரியது என்பதில் தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் இடையே நெடுநாள் பிணக்கு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவை ஆவணங்களின்படி கோயில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கின்றது என்பது தமிழ்நாட்டுத் தரப்பு. தங்கள் காப்புக்காட்டிற்குள் இருப்பதாகக் கேரளம் கூறுகின்றது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமல் அவை கேரளத்திலேயே நின்றன. அதன் பின் இம்முகட்டின் ஒவ்வோர் அடிக்கும் பொருள் கூடிவிட்டது. முல்லைப் பெரியாறு அணைப் பிணக்கும் இதே மலையைச் சுற்றியதே என்பதால், கோயில் பற்றிய பேச்சு எப்போதும் தனியே நடப்பதில்லை.

நடைமுறையில் இதன் விளைவு சாலையில் தெரிகின்றது. கேரளப் பக்கத்தில் சீப்பு செல்லும் பாதை உண்டு. தமிழ்நாட்டுப் பக்கத்தில் காட்டுவழி மட்டுமே உண்டு. பளியங்குடியிலிருந்து சாலை அமைக்க வேண்டும் என்பது கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. முதியவர்கள் தம் சொந்த மாவட்டத்திலிருந்தே கோயிலுக்குச் செல்ல இயலவேண்டும் என்னும் அவர்கள் வாதம் நியாயமானது. அதே வேளையில், 1978 முதல் புலிகள் காப்பகமாக உள்ள ஒரு காட்டை ஒட்டி, யானைகள் கடக்கும் சரிவில் சாலை வெட்டினால் ஆண்டு முழுவதும் அதன் பாதிப்பு இருக்கும். படிகளும் கைப்பிடிகளும் கொண்டு நடைபாதையைச் செப்பனிடுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாகத் தோன்றுகின்றது.

பாதுகாப்பும் சட்டமும்

விழா நாள் தவிர மற்ற நாட்களில் இப்பாதையில் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டப்படி குற்றமாகும். யானை, காட்டெருது, கரடி ஆகியவை இங்கு வாழ்கின்றன. ஆயினும் கோடையில் பெரிய ஆபத்து விலங்குகள் அல்ல, தீ. 2018 மார்ச்சு 11 அன்று இதே தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலைநடைக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கியதில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த உயர்புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். மனிதர் மேல்நோக்கி ஓடி அதனை முந்த இயலாது. பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைப்பரப்பையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்தையோ அடைவதே தப்பும் வழி. வண்ணாத்திப்பாறைச் சரிவும் அத்தகைய புல்சரிவே. விழாவும் கோடையிலேயே வருகின்றது. எனவே வழியில் அடுப்பு மூட்டுவதும் புகைபிடிப்பதும் கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டியவை.

பிற கண்ணகி வழிபாட்டிடங்கள்

கண்ணகி வழிபாடு இம்மலையோடு நின்றுவிடவில்லை. செங்குட்டுவன் எடுத்த விழாவிற்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். இவனை மகாவமிசம் குறிப்பிடும் முதலாம் கசபாகுவாகக் கொண்டே செங்குட்டுவன் காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. இலங்கையில் சிங்கள பௌத்தர்கள் பத்தினி தெய்வமாகவும், தமிழர்கள் கண்ணகை அம்மனாகவும் வழிபடுகின்றனர். முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் புகழ்பெற்றது. மட்டக்களப்புப் பகுதியிலும் பல கண்ணகை அம்மன் கோயில்கள் உள்ளன. கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதி கோயிலும், பொங்காலை விழாவிற்குப் பெயர்பெற்ற திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலும் கண்ணகியோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. மதுரையிலிருந்து புறப்பட்ட கண்ணகி கொடுங்கல்லூர் செல்லும் வழியில் ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது அக்கோயிலின் தலவரலாறு.