கல்யாணம் நடக்காத கல்யாண போட்டோ

கல்யாணப் புடவை எடுக்கப் போகிற குடும்பத்தைக் கடை வாசலில் முதலில் வரவேற்பது முதலாளி அல்ல. சுவர் உயரத்துக்கு நிற்கிற மணப்பெண் போட்டோ! தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி, லேசாகக் குனிந்த பார்வை. 'என் பொண்ணும் இப்படித்தான் இருக்கணும்' என்று அம்மா மனசுக்குள் முடிவு செய்துவிடுகிறார். அப்பா போட்டு வைத்திருந்த பட்ஜெட் அந்த இடத்திலேயே ஒரு படி ஏறிவிடுகிறது.

அந்தப் படத்தில் இருப்பவர் மணப்பெண் இல்லை, மாடல். படம் எடுத்த அன்று முகூர்த்தமும் இல்லை. புடவை கடையுடையது. நகை, தெரிந்த நகைக்கடையில் கேட்டு வாங்கியது. மேக்கப் போடுபவர், பூ அலங்காரம் செய்பவர், போட்டோகிராபர் என்று ஆளுக்குக் கொஞ்சம் உழைப்பைப் போடுவார்கள். கிடைக்கிற படங்களை எல்லோரும் தங்கள் தங்கள் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். 'ஸ்டைல்டு ஷூட்' என்று இதற்குப் பெயர். மாப்பிள்ளை பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை!

இது ஏதோ நேற்று முளைத்த வியாபார உத்தி என்று நினைத்தால், தப்பு. இதன் வேரைத் தேடிப் போனால் லண்டன் அரண்மனையில் போய் நிற்போம். அங்கே 'மாடல்' யார் தெரியுமா? சாட்சாத் விக்டோரியா மகாராணி!

1840, பிப்ரவரி 10. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் சிறிய தேவாலயத்தில் விக்டோரியாவுக்கும் ஆல்பர்ட்டுக்கும் கல்யாணம். மகாராணிக்கு வயது 20. அன்று அவருடைய கல்யாணத்தை யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் முடியாது. பாரிஸில் டாகேரின் போட்டோ செய்முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839 ஆகஸ்ட்டில்தான். கேமரா அப்போது ஆறு மாதக் குழந்தை.

'அதெப்படி? விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் மணக்கோலத்தில் நிற்கிற போட்டோவை நான் பார்த்திருக்கிறேனே!' என்பீர்கள். பார்த்திருப்பீர்கள். அது 1854 மே மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையில் ரோஜர் ஃபென்டன் என்ற போட்டோகிராபர் எடுத்தது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி 14 வருடம். எட்டுக் குழந்தைகள்! மகாராணி அணிந்திருந்தது அரசவை உடை. தலையில் பூவும் மெல்லிய துணியும் இருந்ததால், பார்க்கிறவர்கள் அதைக் கல்யாண போட்டோ என்றே நம்பிவிட்டார்கள். இன்றுவரை நம்புகிறார்கள்.

ஆனால், உண்மையிலேயே கல்யாண உடையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் 'போஸ்' கொடுத்ததும் உண்டு. கேமரா முன்னால் அல்ல, தூரிகை முன்னால். 1847-ல் வின்டர்ஹால்டர் என்ற ஓவியர் அவரைக் கல்யாண உடையிலும் முக்காட்டிலும் வரைந்தார். கல்யாண நாளுக்குக் கணவருக்கு மனைவி கொடுத்த பரிசு அது. கல்யாணம் நடந்தது ஒரு நாள். படம் தயாரானது ஏழு வருடம் கழித்து.

சரி, இதில் வியாபாரம் எங்கே வந்தது? அந்த உடையில்தான் இருக்கிறது.

விக்டோரியாவுக்கு முன்பும் வெள்ளை உடுத்திய மணப்பெண்கள் உண்டு. ஆனால் அது கட்டாயமாக இருக்கவில்லை. சாதாரணப் பெண்கள் தங்களிடம் இருப்பதில் நல்ல உடை எந்த நிறமோ அதை உடுத்தினார்கள். அரச குடும்பம் என்றால் வெள்ளிச் சரிகை பளபளக்கும். 1816-ல் இளவரசி சார்லட் அப்படித்தான் மணந்தார். விக்டோரியாவோ வெள்ளி வேண்டாம் என்று, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களின் வெள்ளைப் பட்டைத் தேர்ந்தெடுத்தார். அதன் மேல் ஹானிடன் லேஸ். எல்லாம் உள்நாட்டுச் சரக்கு.

ஹானிடன் என்பது டெவன் மாவட்டத்தில் ஓர் ஊர். சுற்றுவட்டாரப் பெண்கள் மடியில் தலையணை வைத்து, அதில் ஊசிகளைக் குத்தி, சின்னச் சின்ன மரக் குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னிப் பூவும் இலையுமாக லேஸ் செய்வார்கள். நாகர்கோவில்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இப்படித் தலையணை லேஸ்தான். கண் எரிய எரிய நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு சின்னப் பூதான் தேறும் என்கிற மாதிரியான வேலை.

இந்த வயிற்றுப்பிழைப்பில் மண் விழுந்தது 1809-ல். ஜான் ஹீத்கோட் என்பவர் வலைத்துணி நெய்கிற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கோபம் கொண்ட ஒரு கும்பல் 1816-ல் ஓர் இரவு லஃப்பரோவில் இருந்த அவருடைய தொழிற்சாலைக்குள் புகுந்து 55 மெஷின்களை அடித்து நொறுக்கியது. மனிதர் வெறுத்துப்போய்த் தொழிலையே வேறு ஊருக்கு மாற்றினார். எங்கே தெரியுமா? அதே டெவன் மாவட்டத்தில் இருந்த டிவர்ட்டனுக்கு! லேஸ் பின்னுகிற பெண்களின் பக்கத்து வீட்டில் மெஷின் குடியேறிவிட்டது.

இப்படி நொடித்துக்கொண்டிருந்த தொழிலுக்குத்தான் மகாராணியின் ஆர்டர் போனது. பீர் என்ற கடலோர ஊரிலும் அக்கம்பக்கத்திலும் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். டிசைன் போட்டவர் வில்லியம் டைஸ் என்ற ஓவியர். மேற்பார்வை ஜேன் பிட்னி என்ற அம்மையார். வேலை முடிந்ததும் வேறு யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று டிசைனை அழித்துவிட்டார்கள். இன்றைக்குக் கடைக்காரர்கள் 'எக்ஸ்க்ளூசிவ்' என்கிறார்களே, அதேதான்!

இதில் ஒரு வேடிக்கை. பெண்கள் கையால் செய்த பூக்களை எதன் மேல் தைத்தார்கள் என்று பார்த்தால், மெஷினில் நெய்த வலைத்துணி! கைத்தொழிலைக் காப்பாற்ற வந்த உடைக்கும் மெஷினின் தயவு வேண்டியிருந்தது.

மகாராணியின் மணக்கோலம் அச்சுப் படங்களாக ஊரெல்லாம் பரவியது. போகப் போக வெள்ளை உடை வசதியான வீடுகளின் அடையாளமானது. 1860-ல் மேயல் என்ற போட்டோகிராபர் அரச குடும்பத்தின் படங்களை உள்ளங்கை அளவு அட்டைகளில் விற்பனைக்கு விட்டார். ஜனங்கள் வாங்கித் தங்கள் வீட்டு ஆல்பத்தில் மாமா, அத்தை படங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். 1863-ல் மருமகளாக வந்த அலெக்சாண்ட்ராவும் ஹானிடன் லேஸில்தான் மணந்தார். ராணி வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்து நம் வீட்டுக் கல்யாணத்தைத் தீர்மானிக்கிற பழக்கம் வந்துவிட்டது. 'ஃபேஷன் ஷூட்' என்கிற சொல்தான் இன்னும் வரவில்லை.

அந்த விஷயமும் 1911-ல் நடந்தது. பாரிஸின் பிரபல தையல் கலைஞர் பால் புவாரேயின் உடைகளை எட்வர்ட் ஸ்டைகன் படமெடுத்தார். துணியை மட்டும் காட்டாமல், அதை உடுத்தியவர் வாழ்கிற வாழ்க்கையையே காட்டுவது போல எடுத்தார். நவீன ஃபேஷன் போட்டோகிராபியின் ஆரம்பம் என்று அதைச் சொல்வார்கள். 1934-ல் அமெரிக்காவில் மணப்பெண்களுக்கென்றே தனிப் பத்திரிகை வந்தது. துணிக்கடையும் போட்டோவும் கைகோத்தாயிற்று.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் தைவான்காரர்கள். தாய்பேயில் ஐகோ கிழக்குச் சாலை என்று ஒரு தெரு. கல்யாணக் கடைகளுக்கே பெயர்போன தெரு. அங்கே உடை வாடகை, மேக்கப், போட்டோ எல்லாம் ஒரே 'பேக்கேஜ்'. கல்யாணத்துக்கு முன்பே ஜோடியை விதவிதமான உடைகளில் படமெடுத்து, கனமான ஆல்பம் போட்டுத் தந்துவிடுவார்கள். விருந்து நாளன்று அந்த ஆல்பம் மண்டப வாசலில் இருக்கும். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் புரட்டுவார்கள். கவனித்தீர்களா? கடைக்கு மாடல் செலவு மிச்சம். காசு கொடுக்கிற மணப்பெண்ணே மாடல்!

இது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆசையாக ஒரு படம் எடுத்துக்கொள்வதில் என்ன தவறு? கடைக்காரர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் இந்தக் கதையில் கடைசியில் ஜெயித்தது யார் என்று பார்க்கவேண்டும் அல்லவா?

வெள்ளை உடை ஜெயித்தது. கண்டம் தாண்டிப் போய் தாய்பே வரை ஜெயித்தது. போட்டோ ஜெயித்தது. தோற்றது, யாருக்காக அது ஆரம்பித்ததோ அந்த ஹானிடன் கைவேலை. கொஞ்ச காலம் ஆர்டர் குவிந்தது, உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு லேஸ் மாதிரி ஏதோ ஒன்று இருந்தால் போதுமாக இருந்தது. அதை மெஷின் மலிவாகக் கொடுத்துவிட்டது. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே!

மகாராணி மட்டும் அந்த லேஸை விடவில்லை. 1861-ல் ஆல்பர்ட் இறந்தபின் கறுப்பு உடைக்கு மாறிவிட்டவர், 1893-ல் பேரன் கல்யாணத்துக்கு அந்தப் பழைய லேஸை அணிந்து டவுனி ஸ்டூடியோவுக்குப் போஸ் கொடுத்தார். 1897-ல் அவருடைய வைர விழாவுக்கு அதிகாரபூர்வப் படமாக வெளியிட்டது அதைத்தான். 1901-ல் இறந்தபோது கல்யாண முக்காட்டோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

வின்டர்ஹால்டர் ஓவியத்திலும் டவுனி போட்டோவிலும் மகாராணி இருக்கிறார், லேஸ் இருக்கிறது. பின்னிய 200 பெண்கள் இல்லை. அடுத்த முறை கல்யாணப் புடவை எடுக்கப் போகும்போது, வாசல் போட்டோவை ஆசை தீரப் பாருங்கள். அப்புறம் உள்ளே போய், 'இந்தப் புடவையை நெய்தது எந்த ஊர்? கைத்தறியா, விசைத்தறியா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் போட்டோவால் பதில் சொல்ல முடியாது. கடைக்காரர்தான் சொல்லவேண்டும்.