சிறு வகுப்பும் பெருஞ் சபையும்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் மக்களுக்கு முதற்கண் வேண்டுவது தொழில். அடுத்து வேண்டுவது உறையுள். இவ்விரண்டும் அமைந்த பின்னரே, ‘நல்லது பொல்லாததற்கு நாலு பேர் வேண்டுமே’ என்னும் கவலை தோன்றுகின்றது. குகட்பள்ளியில் குடியேறிய தமிழர் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1961-இல் தோன்றிய ஐ.டி.எல். வெடிமருந்து ஆலையும், அப்பத்தாண்டில் எழுந்த இராமச்சந்திரபுரத்துப் பெல் தொழிற்சாலையும், பாலாநகர்ப் பட்டறைகளும் நம்மவரை இத்திசைக்கு அழைத்தன. 1972-இல் நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் கொண்டது. வீட்டு வசதி வாரியத்தார் வரிசை வரிசையாக வீடுகள் எழுப்பினர். பின்னர் மென்பொருள் நிறுவனங்கள் இளைஞரை ஈர்த்தன. 2017-இல் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தது. வயலும் ஏரியுமாக இருந்த ஊர் இன்று பெருநகரின் ஓர் உறுப்பாகிவிட்டது.

இவ்வூரில் ஞாயிறு காலையில் மாடியில் நின்று நோக்கினால், கையில் திருமறையும் பாட்டுப் புத்தகமும் ஏந்திக் குடும்பத்தோடு செல்லும் அயலாரைக் காணலாம். அவருள் நம் சங்கத்தாரும் உளர். சிலர் அருகிலுள்ள தெலுங்கு ஆராதனைக்கோ ஆங்கில ஆராதனைக்கோ செல்வர். தமிழில் தொழவேண்டும் என்னும் வேட்கையால் சிகந்தராபாத் வரை செல்வோரும் உண்டு. நம் சங்கம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. எந்தச் சமயத்தையும் பரப்புதல் இம்மலரின் நோக்கமன்று. ஆயினும், புலம்பெயர்ந்தோரை ஒன்றாகக் கட்டும் வித்தையை 280 ஆண்டுகளாகக் கையாண்டு வரும் மெதடிஸ்ட் திருச்சபையின் வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உளது. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் கருத்து.

மெதடிஸ்ட் என்பது முதலில் ஒரு கேலிப் பெயர். ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் சில நண்பரும் படிப்பு, வேண்டுதல், சிறையிலுள்ளோரைக் காணுதல் ஆகிய அனைத்தையும் கால அட்டவணையிட்டுச் செய்தனர். அது கண்ட பிற மாணவர் அவர்களை ‘முறைக்காரர்’ என்னும் பொருள்பட நகையாடினர். நகையாடிய பெயரே நிலைத்துவிட்டது. 1739-இல் பிரிஸ்டல் துறைமுக நகரில் அவர்கள் ஒரு கூடம் கட்டத் தொடங்கினர். கட்டடம் எழுந்தது, கூடவே கடனும் எழுந்தது. 1742 பிப்ரவரியில் அக்கடனைத் தீர்க்கும் வழி ஆராயப்பட்டபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென முடிவாயிற்று. ஏழைகளால் அதுவும் இயலாதே என்று ஒருவர் கூற, ஃபாய் என்னும் கப்பல் தலைவர் எழுந்து, மிக வறியோர் பதினொருவரைத் தம் பொறுப்பில் விடுமாறும், அவர்கள் கொடாதவற்றைத் தாமே கொடுப்பதாகவும் உரைத்தார். ஏனையோரும் அவ்வாறே ஏற்றனர்.

பென்னி தண்டச் சென்றவர்கள் வீடுகளில் கண்டது வேறு. ஓரிடத்தில் நோய், ஓரிடத்தில் கணவன் மனைவியரிடையே பூசல், ஓரிடத்தில் குடி, ஓரிடத்தில் வேலையின்மை. கடன் தீர்க்க வகுத்த வழி, கண்ணீர் துடைக்கும் வழியாக மாறியது. பன்னிருவர் கொண்ட அச்சிறு குழுவுக்கு ‘வகுப்பு’ என்று பெயர். அதன் தலைவர் பட்டம் பெற்ற குருவானவர் அல்லர். கொல்லரோ, நெசவாளரோ, கடைக்காரரோ ஆவார். பெண்களும் வகுப்புத் தலைவியராக விளங்கினர். போதகர்களோ ஓரூரில் நிலைத்திராமல் மாறிக்கொண்டே இருந்தனர். ஆகவே சபையைத் தாங்கியவை போதகரின் நாவன்மையோ கோபுரத்தின் உயரமோ அல்ல. வாரந்தோறும் கூடிய பன்னிரண்டு வீடுகளே தாங்கின. இதுவே நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

இவ்வமைப்புத் தமிழரிடம் வந்த வழியும் சுவையானது. 1814-இல் வெஸ்லிய மிஷனரிகள் இலங்கையின் காலித் துறையில் இறங்கினர்; அவருள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்போர் யாழ்ப்பாணம் சென்றனர். 1817-இல் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். ஆக, தமிழ்நாட்டு வெஸ்லிய சபை யாழ்ப்பாணத்தின் வழியே வந்ததாகும். யாழ்ப்பாணத்து வெஸ்லியப் பள்ளியிலே பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் ஆறுமுக நாவலர். பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு நாவலர் துணை நின்றதும், அதன்பொருட்டு அவரோடு சென்னை சென்றதும் தமிழறிந்தோர் யாவரும் அறிந்தவை. பின்னர் 1848-இல் நாவலர் அப்பள்ளியை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி, அச்சு, பிரசங்கம் என்று அங்கே கண்ட முறைகளைத் தம் சைவத் தொண்டுக்கு ஆக்கிக்கொண்டார். நல்ல முறை ஒன்று எந்த வீட்டுக் கொல்லையில் விளைந்தாலும், அதன் விதையை நம் நிலத்தில் ஊன்றிக்கொள்ளத் தடையில்லை என்பதற்கு நாவலர் பெருமானைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி நம் ஐதராபாத்துக்கு வருவோம். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் சிகந்தராபாத் பாளையம் அமைந்தது. சென்னைப் படையின் பட்டாளங்கள் இங்கே தங்கியமையால், அவற்றோடு தமிழ்ச் சிப்பாய்களும், சரக்கு வழங்குவோரும், எழுத்தர்களும், சமையற்காரரும் வந்தனர். 1862-இல் இங்கே மகபூப் கல்லூரிக்கு வித்திட்டவர் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழரே. 1893-இல் சுவாமி விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன் உரையாற்றியதும் அக்கல்லூரியிலேதான். 1874-இல் வாடியிலிருந்து இரயில் பாதை வந்தபின் தமிழர் வரவு மேலும் பெருகிற்று.

இத்தகைய பாளையத்துக்கு 1879-இல் வெஸ்லிய மிஷன் வந்தது. அதுவும் சென்னையிலிருந்தே வந்தது. அதனைத் தொடங்கியவருள் தலையானவர் வில்லியம் பர்ஜஸ். பாளையத்தில் காலூன்றிய பணி, காலப்போக்கில் தெலுங்கு நாட்டுப்புறமெங்கும் பரவிற்று. 1895-இல் படைவீரர்க்கு ஊழியஞ்செய்ய வந்த சார்லஸ் வாக்கர் பாஸ்னெட், மேதக் சென்று தங்கிச் சிற்றூர் மக்களிடையே பணியாற்றினார். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலையும் உணவும் தந்து அவர் எழுப்பிய மேதக் பேராலயம், 1924-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பெற்றது. நம்மிற் பலர் பிள்ளைகளோடு சுற்றுலாவாகச் சென்று வியந்த ஆலயம் அஃதே.

நிற்க. ஐதராபாத்தில் மெதடிஸ்ட் ஆறு இரண்டு கிளையாக ஓடியதை அறியாமல் மயங்குவோர் பலர். மேலே கூறியது ஆங்கிலேயக் கிளை. மற்றொன்று அமெரிக்கக் கிளை. 1870-இல் இந்தியா வந்த வில்லியம் டெய்லர் பம்பாய், சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களில் சபைகளைத் தோற்றுவித்தார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராது, கூடும் மக்களின் காணிக்கையாலேயே சபை நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கிளை ஐதராபாத்திலும் வேரூன்றிச் சாப்பல் ரோடு ஸ்டான்லி பெண்கள் பள்ளி போன்ற கல்விக்கூடங்களை ஈந்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியக் கிளை அதனோடு ஒன்றாயிற்று. மேதக் பேராலயம் இன்று அத்திருச்சபையைச் சார்ந்தது. அமெரிக்கக் கிளையோ தனித்து நின்று, 1981-இல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. இன்று நம் நகரில் மெதடிஸ்ட் என்னும் பெயர்ப்பலகை தாங்கிய ஆலயங்கள் பெரும்பாலும் இக்கிளையைச் சேர்ந்தவை.

இத்தகைய அயற்புறச் சபை ஒன்றின் வாழ்வை அருகிருந்து நோக்குவோர்க்குப் பிரிஸ்டல் நகரத்துப் பழைய வகுப்பு இன்னும் உயிரோடிருப்பது புலனாகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அதன் ஒரு முகமேயாகும். பிள்ளைகளுக்கு ஓய்வுநாட் பள்ளி உண்டு. இங்கிலாந்தில் ஹன்னா பால் என்னும் மெதடிஸ்ட் நங்கை 1769-இலேயே அத்தகைய பள்ளி ஒன்றை நடத்தியவர். பெண்டிர்க்கு மாதர் சங்கம் உண்டு. இளைஞர்க்கு வாலிபர் கூட்டம் உண்டு. வாரநாளில் முறைவைத்து வீடுதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். இம்முறை யார் வீடு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக்கும் ஒரு நாள் இருபது பேர் வந்து பாயில் அமர்வர். காப்பியும் சுண்டலும் உண்டு அளவளாவுவர். மறுநாள் முதல் அக்குடும்பம் அந்நியக் குடும்பமன்று.

அறுப்பின் பண்டிகை இன்னும் களிப்பானது. பூசணி, வாழைத்தார், சேவல், முறுக்கு, கைவேலைத் துணி என அவரவர் கொணர்ந்தவை ஏலம் விடப்படும். கடையில் சில ரூபாய் பெறும் தேங்காய்க்குப் பத்து மடங்கு கேட்பவரும் உண்டு. எடுத்த பொருளையே திரும்ப ஏலத்துக்குத் தருபவரும் உண்டு. ஆண்டிறுதி நள்ளிரவில் விழிப்பாராதனை நடைபெறும். கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடிக்கடையில் கழித்த இரவை வேண்டுதல் இரவாக மாற்றிக்கொண்டதிலிருந்து இவ்வழக்கம் வளர்ந்தது என்பர். போதகரைப் பேராயர் வேறு ஊருக்கு மாற்றுவார். மாற்றப்பட்டவர்க்குக் கண்ணீரோடு வழியனுப்பு நடக்கும். புதியவர்க்கு மாலை சூட்டப்படும். சபையோ நடந்துகொண்டே இருக்கும். மாற்றல் உத்தரவு வாங்கி ஊர் ஊராய்த் திரியும் நம்மனோர்க்கு இக்காட்சி புதிதன்று.

இத்துணைச் சிறப்பிருந்தும், இங்கே வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் நெஞ்சில் ஒரு முள் தைத்திருக்கின்றது. அருகிலுள்ள சபையில் உறவு கிடைக்கின்றது, தமிழ் கிடைப்பதில்லை. தொலைவிலுள்ள ஆராதனையில் தமிழ் கிடைக்கின்றது. அன்றாட உறவு கிடைப்பதில்லை. பாட்டியார் தமிழில் வேண்டுகிறார். மருமகள் ஆங்கிலத்தில் படிக்கிறார். பேரன் தெலுங்கில் பாடுகிறான். மூவரும் ஒரே பாயில்தான் அமர்ந்திருக்கின்றனர். எனினும் பாட்டியார் மறைந்தபின் அப்பாயில் தமிழ் யார் வாயில் அமரும்? கிறிஸ்தவக் குடும்பங்களின் கவலை மட்டுமோ இது? நம் எல்லோர் வீட்டுப் பூசையறையிலும் உணவறையிலும் இதே வினா எழவில்லையா?

இவ்வினாவுக்குக் கடல் கடந்த தமிழரின் பட்டறிவு ஒரு விடை பகர்கின்றது. டெய்லர் தொடங்கிய இயக்கத்தால் ஈர்க்கப்பட்டவரும், பெங்களூரில் பிறந்தவருமான வில்லியம் ஓல்டம் 1885-இல் சிங்கப்பூர் சென்று மெதடிஸ்ட் பணியைத் தொடங்கினார். 1887-இல் சோஃபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய மாது அந்நகரின் ஷார்ட் தெருவில் ஒன்பது சிறுமியரோடு ஒரு பள்ளி திறந்தார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே அதன் பெயர். தமிழ் வணிகரின் உதவியும் அதற்குக் கிடைத்தது. அப்பள்ளி வளர்ந்து பெரும் புகழ் பெற்று, இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என விளங்குகின்றது. ஆனால் அது ஆங்கிலப் பள்ளி. ஷார்ட் தெருவில் வாரந்தோறும் கூடிய தமிழ்ச் சபையோ இன்றும் தமிழ்ச் சபையாகவே திகழ்கின்றது. கட்டடத்தையும் தேர்வையும் நம்பிய தமிழ் கரைந்தது. வாரந்தோறும் கூடும் வழக்கத்தை நம்பிய தமிழ் வாழ்ந்தது.

அன்பர்களே! நம் சங்கம் ஆண்டுக்கொரு முறை விழா எடுக்கின்றது, பொங்கலுக்குக் கூடுகின்றது, மலர் வெளியிடுகின்றது. இவை வேண்டுவனவே. எனினும் ஆண்டுக்கொரு விழா மொழியைக் காக்காது. பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு வகுப்பாகட்டும். வாரம் ஒரு மாலை, முறைவைத்து ஒரு வீட்டில் கூடட்டும். பிள்ளைகள் ஒரு பக்கம் தமிழ் படிக்கட்டும். பெரியோர் தாம் இவ்வூருக்கு வந்த கதையைச் சொல்லட்டும். அதனை ஒருவர் ஏட்டில் எழுதிவைக்கட்டும். அவ்வாரம் கூட்டத்துக்கு வாராதவர் வீட்டுக்கு ஒருவர் சென்று, ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்டு வரட்டும். இதற்கு மண்டபமும் வேண்டா. நன்கொடைச் சீட்டும் வேண்டா.

கப்பல் தலைவர் ஃபாய் அன்று வறியோர் பதினொருவரைத் தம் பொறுப்பில் ஏற்றார். நம் காலனியில் ஒவ்வொரு தெருவிலும் அவ்வாறு பதினொரு வீடுகளை ஏற்பார் ஒருவர் எழுவாராயின், அடுத்த ஆண்டு மலருக்கு எழுத நமக்கே ஒரு வரலாறு கிடைத்துவிடும்.