மானுக்கு வரும் கோமாரி.. மாட்டுக்கு ஊசி போட்டால் தடுக்க முடியுமா? முழு விளக்கம்

திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் போகிறவர்களுக்குப் புள்ளிமான்கள் புதிதல்ல. மலைக்காட்டிலிருந்து தண்ணீர் தேடி பாதை ஓரம் வரை இறங்கி வரும். அதே ஊரில்தான் கார்த்திகை தீபத்தையொட்டி பெரிய மாட்டுச் சந்தையும் கூடுகிறது. பக்கத்து வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள அமிர்தி உயிரியல் பூங்காவிலும் மான்கள் உண்டு.

மாட்டைத் தாக்கும் வைரஸ்களில் பல, மானையும் விடுவதில்லை. கூண்டுக்குள் இருக்கும் மானுக்கு இந்த நோய் எப்படி வருகிறது? எப்படித் தடுக்கிறார்கள்? பார்க்கலாம்.

எந்த விலங்குகளுக்கு ஆபத்து?

குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும் விலங்குகளுக்குத்தான் பெரும்பாலும் கோமாரி வரும். மாடு, எருமை, ஆடு, பன்றி என வீட்டு விலங்குகள் ஒரு பக்கம். புள்ளிமான், கடமான், காட்டு மாடு, ஒட்டகச்சிவிங்கி என பூங்கா விலங்குகள் இன்னொரு பக்கம். குதிரை, வரிக்குதிரைக்கு ஒற்றைக் குளம்பு என்பதால் கோமாரி வராது.

முக்கியமான வைரஸ் நோய்கள் என்னென்ன?

* கோமாரி: காணை நோய் என்றும் சொல்வார்கள். வாயிலும் குளம்புக்கு நடுவிலும் கொப்புளம் வரும். எச்சில் ஒழுகும், நொண்டும், தீனி எடுக்காது. குட்டிகளுக்கு இதயத்தைத் தாக்குவதால் திடீரென இறந்துவிடும்.
* ஆட்டுக்கொல்லி: ஆடுகளின் நோய்தான். ஆனால் 2016-17-ல் மங்கோலியாவில் சைகா என்ற அரிய வகை மான் இனத்தில் ஆயிரக்கணக்கானவற்றைக் கொன்றது.
* நீலநாக்கு நோய்: கொசுவைவிடச் சிறிய, கடிக்கும் பூச்சிகள் மூலம் பரவும்.
* தோல் கழலை நோய்: இந்தியாவில் 2019-ல் முதலில் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. 2022-ல் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் இறந்தன.
* செம்மறி ஆட்டிலிருந்து வரும் ஒரு வகை ஹெர்பீஸ்: ஆட்டுக்கு ஒன்றுமே செய்யாது. மானுக்கும் காட்டு மாட்டுக்கும் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைக்காது. அதனால்தான் மான் அடைப்புக்குப் பக்கத்தில் செம்மறி ஆட்டை வைக்கக் கூடாது என்கிறார்கள்.

வேலியைத் தாண்டி எப்படி நுழைகிறது?

கோமாரி வைரஸுக்கு மாடு நேரில் வர வேண்டும் என்றில்லை. பசுந்தீவனம், தீவன வண்டியின் டயர், ஊழியரின் செருப்பு என எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு வரும். சாதகமான வானிலையில் காற்றிலும் பரவும். இன்னொரு சிக்கல், கொப்புளம் தெரிவதற்கு முன்பே விலங்கு வைரஸைப் பரப்ப ஆரம்பித்துவிடும். நாம் கண்டுபிடிக்கும்போது நோய் பக்கத்து அடைப்புக்குப் போயிருக்கலாம்.

மானுக்கே ஊசி போட்டால் என்ன?

நல்ல கேள்விதான். ஆனால் மாட்டை மாதிரி மானைக் கட்டி வைத்து ஊசி போட முடியாது. துரத்திப் பிடித்தால் மிரண்டு ஓடி வேலியில் மோதும். பிடிபட்ட பயத்திலும் ஓட்டத்திலும் தசைகள் சிதைந்து, அடுத்த சில நாட்களில்கூட இறந்துபோகலாம். கோமாரி தடுப்பூசியின் பலனும் சில மாதங்கள்தான். வருஷத்துக்கு இரண்டு முறை நூற்றுக்கணக்கான மான்களைப் பிடிப்பது நடக்கிற காரியமா?

அதனால் பூங்காக்கள் வேறு வழியில் போகின்றன. புது விலங்கு வந்தால் தனியாக வைத்துக் கண்காணிப்பது, நுழைவாயிலில் கிருமிநாசினித் தொட்டி, வெளி மாடுகள் உள்ளே வராமல் தடுப்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி.

மாட்டுக்குப் போடும் ஊசி மானைக் காப்பாற்றுமா?

காப்பாற்றும். அதற்கான பெரிய சாட்சி நம்ம பக்கத்திலேயே இருக்கிறது.

வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. 1968-ல் முதுமலையில் காட்டு மாடுகளைக் கூட்டமாகக் கொன்றது அதுதான். 1949-ல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விலங்குகள் மூலம் ரோம் உயிரியல் பூங்காவுக்குள்ளும் அது நுழைந்தது.

இந்த நோய்க்கான மருந்து தயாரிக்கவே 1932-ல் ராணிப்பேட்டையில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இன்றைய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அதுதான். பல பத்தாண்டுகள் ஊர் ஊராக மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்கம் 1995-ல் பதிவானது. எங்கே தெரியுமா? திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டமான அன்றைய வட ஆற்காட்டில்.

2011-ல் உலகத்திலிருந்தே வெக்கை நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காட்டு விலங்குகளைத் துரத்திப் பிடித்து ஊசி போட்டு இதைச் சாதிக்கவில்லை. மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது.

கோமாரி மட்டும் ஏன் போகவில்லை?

வெக்கை நோய்க்கு ஒரு ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு. கோமாரி வைரஸில் 7 வகை. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என 3 வகை சுற்றுகின்றன. எதிர்ப்புச் சக்தியும் சீக்கிரம் குறையும். அதனால்தான் 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 6 மாதத்துக்கு ஒரு முறை இலவசமாக ஊசி போடுகிறார்கள். ஒரு சுற்றைத் தவறவிட்டால் வைரஸுக்கு வழி திறந்துவிடும்.

நோயே இல்லாத நாடுகள்கூட அசட்டையாக இருப்பதில்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில், பெர்லின் அருகே ஒரு பண்ணையின் எருமைகளுக்குக் கோமாரி வந்தது. 1988-க்குப் பிறகு அந்த நாட்டில் அதுதான் முதல் முறை. உடனே பெர்லினின் இரண்டு உயிரியல் பூங்காக்களையும் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள். அங்கே ஒரு விலங்குக்கும் நோய் வரவில்லை. முன்னெச்சரிக்கைதான்.

மனிதர்களுக்கு வருமா?

கோமாரி மனிதருக்கு வருவது மிக மிக அரிது. குழந்தைகளுக்கு வரும் 'கை, கால், வாய் நோய்' வேறு வைரஸ். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் நம் செருப்பும் உடையும் வைரஸைச் சுமந்து போக முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

* வீட்டில் மாடு இருந்தால் 6 மாத ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். சந்தைக்கு ஓட்டிப் போவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டிருக்க வேண்டும். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது.
* சந்தையில் வாங்கிய மாட்டை 3 வாரமாவது மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள்.
* எச்சில் ஒழுகுவது, நொண்டுவது தெரிந்தால் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.
* மாட்டுத் தொழுவத்திலிருந்து நேராகப் பூங்காவுக்குப் போகாதீர்கள். குளித்து, உடையும் செருப்பும் மாற்றிவிட்டுப் போங்கள்.
* கிரிவலப் பாதையிலோ பூங்காவிலோ மானுக்கு எதையும் ஊட்டாதீர்கள். மான் நொண்டினால் பிடிக்கப் போகாமல் வனத்துறையிடம் சொல்லுங்கள்.