தடம் மட்டும் நினைவாகுமா? டி உயிரணுக்களில் மரபணு ஒழுங்குமுறை

1. சிக்கல்

மாக்ஸ் தெய்லர் குழுவினர் 1937இல் உருவாக்கிய 17டி தடுப்பூசியின் ஒரே தவணை, மஞ்சள் காய்ச்சலிலிருந்து வாழ்நாள் முழுவதும் காக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் முடிவுசெய்தது. ஊசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸ் சில வாரங்களில் உடலைவிட்டு அகன்றுவிடுகிறது. அதைத் தாக்கப் பெருகிய டி உயிரணுக்களிலும் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. பாதுகாப்பில் எதிர்ப்பொருள்களுக்கே முதற்பங்கு என்றாலும், எஞ்சிய டி உயிரணுக்களும் பல்லாண்டு நிலைத்து, அதே வைரஸை மறுபடி எதிர்கொண்டால் சில மணிநேரத்தில் செயலில் இறங்கக்கூடியவை. எதிரியை ஒருமுறையும் சந்திக்காத கன்னி உயிரணுவுக்கு இதற்கே சில நாட்கள் பிடிக்கும்.

டி உயிரணுவின் ஏற்பியை நிர்ணயிக்கும் மரபணுச் சேர்க்கை தைமஸ் சுரப்பியிலேயே முடிந்துவிடுகிறது. வைரஸைச் சந்திப்பதால் அந்த உயிரணுவின் டி.என்.ஏ. வரிசை மாறுவதில்லை. அப்படியானால் பழைய சந்திப்பின் பதிவு எங்கே இருக்கிறது? மரபணுக்களின் ஒழுங்குமுறையில் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விடை. அது சரியான விடைதான். ஆனால் முழுமையான விடை அன்று. ஒழுங்குமுறையில் விழும் எல்லாத் தடமும் நினைவாகிவிடாது. தாக்குதலுக்கான மரபணுக்களைத் திறந்தே வைப்பதும், தாக்குதலின்போது மூடப்பட்ட ஓய்வுநிலை மரபணுக்களை மீண்டும் திறப்பதும் ஒருசேர நிகழும்போதே நினைவு உருவாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. இயங்காமலே திறந்திருப்பவை

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. இழை, எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான ஒவ்வொரு திரளையையும் ஏறத்தாழ 147 கார இணை நீளத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டமைப்பே குரோமாட்டின். அது நெருக்கமாகச் செறிந்திருக்கும் இடத்தைப் படியெடுக்கும் நொதியால் அணுக முடியாது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஏறினாலும் பெரும்பாலும் அம்மரபணு அடங்கிவிடும்.

எமரி பல்கலைக்கழகத்தின் ரஃபி அகமது குழுவினரும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே திருப்புமுனையானது. 17டி ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள் கனநீர் அருந்தினர். அக்காலத்தில் பிளவுறும் உயிரணுக்களின் டி.என்.ஏ.வில் கனநீரிலுள்ள டியூட்டீரியம் சேர்ந்துவிடும். அதைத் தொடர்ந்து அளந்ததில், நினைவு உயிரணுக்கள் முதல் இரு வாரங்களில் வேகமாகப் பெருகியவற்றின் வழிவந்தவை என்பதும், பிறகு அவை ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில்தான் ஒருமுறை பிளவுறுகின்றன என்பதும் தெரியவந்தன. எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பார்த்தால் இந்த உயிரணுக்கள் கன்னி உயிரணுக்களை ஒத்திருந்தன. குரோமாட்டினைப் பார்த்தாலோ தாக்கும் உயிரணுக்களின் சாயல் தெரிந்தது: தாக்குதல் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் திறந்தே இருந்தன. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அந்த நிலை இது.

மரபணுவின் இயக்கமும் அது இயங்குவதற்கான ஆயத்தமும் வெவ்வேறு அளவைகள் என்பது இதனால் உறுதியாகிறது. இயங்கும் மரபணுக்களை மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வு இந்த நினைவைக் காணாமலே கடந்துவிடும்.

3. அழித்தலின் பங்கு

அதே ஆண்டு வெளியான, எலிகளில் செய்யப்பட்ட இணை ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. நினைவு உயிரணுவாக மாறவிருக்கும் தாக்கும் உயிரணுக்களிலும், கன்னி நிலைக்குரிய, அதாவது ஓய்வுநிலை, மரபணுக்களின் மேல் புதிதாக மெத்தில் தொகுதிகள் ஏறியிருந்தன. நிணநீர்க் கணுவுக்குள் நுழைய உதவும் எல்-செலக்டின் மரபணு அவற்றுள் ஒன்று. வைரஸ் இல்லாத எலிகளுக்கு மாற்றப்பட்டபின் இந்த மெத்தில் தொகுதிகள் படிப்படியாக நீங்கி அம்மரபணுக்கள் மீண்டும் இயங்கின. மெத்தில் ஏற்றும் டி.என்.எம்.டி.3ஏ நொதியை முன்னதாகவே நீக்கியபோது நினைவு உயிரணுக்கள் விரைந்து உருவாயின. ஆக, நினைவு உயிரணு தாக்குதலின் பதிவுகளில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மறுபகுதியை அழிக்கிறது.

4. சோர்வு என்னும் எதிர்ச்சான்று

தடமே நினைவு என்றால், நாட்பட்ட தொற்றில் வைரஸோடு இடைவிடாமல் மோதும் உயிரணுவுக்கே நினைவு மிகுந்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. அத்தகைய உயிரணு செயல்திறன் இழந்து சோர்கிறது. குறுகியகாலத் தொற்று தணிந்தபின், தாக்குதலுக்குத் தடைபோடும் பி.டி.-1 ஏற்பியின் மரபணுமீது மெத்தில் தொகுதிகள் மீண்டும் ஏறுகின்றன; நாட்பட்ட தொற்றிலோ அப்பகுதி மெத்தில் இன்றியே நின்றுவிடுகிறது. பி.டி.-1 பாதையை மருந்தால் தடுத்தால் சோர்ந்த உயிரணு சிறிது காலம் துடிப்புப் பெறுகிறது; ஆனால் அதன் குரோமாட்டின் நினைவு உயிரணுவினுடையதாக மாறுவதில்லை என்று 2016இல் எலிகளில் காட்டப்பட்டது. ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் மருந்தால் வைரஸை ஒழித்த பின்னரும் சோர்வின் தடங்கள் நீடித்ததை 2021இல் வெளியான ஆய்வுகள் பதிவுசெய்தன. இங்கே தடம் உறுதியாக இருக்கிறது; ஓய்வுக்குத் திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

5. இரு மறுப்புகள்

நினைவு என்பது எண்ணிக்கைப் பெருக்கம் மட்டுமே எனலாம். குறிப்பிட்ட வைரஸை அறியும் உயிரணுக்கள் மிகுதியாக இருந்தால் எதிர்வினையும் விரைவாகும் என்பது உண்மையே. ஆயினும், ஒவ்வொரு நினைவு உயிரணுவும் தனித்தனியே வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரான்-காமாவை விரைந்து சுரப்பதை எண்ணிக்கையால் விளக்க இயலாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 2018இல் பதிவான நிகழ்வொன்றில், ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்திய கார்-டி உயிரணுக்களுள் (புற்றுநோயைத் தாக்குமாறு மரபணு சேர்க்கப்பட்ட டி உயிரணுக்களுள்) ஒன்றில், சேர்க்கப்பட்ட மரபணு டெட்2 மரபணுவுக்குள் புகுந்து அதைச் சிதைத்திருந்தது. சிகிச்சையின் உச்சத்தில் கார்-டி உயிரணுக்களில் 94% அந்த ஒன்றின் வழிவந்தவை, அவை நினைவு உயிரணுவின் இயல்பைக் காட்டின, நோயும் தணிந்தது. டெட்2 மெத்தில் நீக்கத்துக்கு உதவும் நொதி. அழித்தலே நினைவை உருவாக்குமெனில் அழிக்கும் நொதி குறைந்த உயிரணு எப்படி நினைவுநிலையை எட்டியது? எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் அழிக்கப்படுகிறது என்பதில்தான் விடை உள்ளது. தாக்குதல் முதிர்ச்சிக்கான பகுதிகள் முழுமையாகத் திறக்காதபோது, உயிரணு ஓய்வுநிலையைவிட்டு வெகுதூரம் விலகுவதில்லை; திரும்பிவரும் தேவையும் குறைகிறது. எனவே இந்நிகழ்வு வாதத்தை முறிக்கவில்லை. மெத்தில் நீக்கத்தின் மொத்த அளவை நினைவின் அளவாகக் கொள்ளக்கூடாது என்று வரையறுக்கிறது.

6. முடிவு

தடம் மட்டும் போதாது என்னும் இந்த அளவுகோல் டி உயிரணுவுக்கு வெளியேயும் பயன்படும். பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பின் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களின் ஹிஸ்டோன்களில் மாற்றங்கள் எஞ்சுவதை மிஹாய் நெடேயா குழுவினர் 2012இல் காட்டினர். அது 'பயிற்சி பெற்ற எதிர்ப்பு' எனப்படுகிறது. ஆனால் பல நாடுகளின் மருத்துவப் பணியாளர்களிடையே நடந்த சோதனையில் பி.சி.ஜி. கோவிட் தொற்று அபாயத்தைக் குறைக்கவில்லை என 2023இல் முடிவு வெளியானது. ஹிஸ்டோன் தடத்தைக் கண்டதும் பாதுகாப்பு உறுதி என்று கொள்வது அவசரம்.

புதிய தடுப்பூசியையோ உயிரணுச் சிகிச்சையையோ மதிப்பிடும்போது, தாக்குதல் மரபணுக்கள் திறந்துள்ளனவா என்பதோடு, ஓய்வுநிலை மரபணுக்கள் மீண்டனவா என்பதையும் அளக்க வேண்டும். முதல் கேள்வியை மட்டும் கேட்டால், நினைவு உயிரணுவையும் சோர்ந்த உயிரணுவையும் ஒன்றாக எண்ணிவிடும் அபாயம் உண்டு.