திகாரிலிருந்து ஒரு கடிதம்

தூக்குத் தண்டனை பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தனிமைச் சிறையில் பூட்டிவைக்க முடியாது என்று 1978 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகளின் அரசியல் சாசன அமர்வு சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வழக்கைத் தொடுத்த சுனில் பத்ரா, தீர்ப்புக்குப் பிறகும் டெல்லி திகார் சிறையில்தான் இருந்தார். அடுத்த ஆண்டு அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மறுபடியும் எழுதினார். இம்முறை தனக்காக அல்ல, சக கைதி ஒருவருக்காக.

1979 ஆகஸ்ட் 26 வாக்கில் அந்தக் கைதியின் ஆசனவாயில் தடியைச் செருகிச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். ரத்தம் நிற்கவில்லை. முதலில் சிறை மருத்துவமனைக்கும், பிறகு இர்வின் மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். தலைமை வார்டர் கேட்ட பணத்தைக் கொடுக்காததுதான் காரணம் என்பது குற்றச்சாட்டு. அடி வாங்கியவரால் வாய் திறக்க முடியாத இடம் அது. காலையில் கதவைத் திறப்பவரும் அதே வார்டர், சோறு போடுவதை மேற்பார்வையிடுபவரும் அவரே.

கடிதம் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் கைக்கு வந்தது. வந்து சேர வேண்டியவரிடம்தான் வந்தது என்று எனக்குத் தோன்றும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டுத் தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்தவர் அவர். விசாரணை என்ற பெயரில் போலீஸ் நடத்திய சித்திரவதையை எதிர்த்ததற்காக, 1948இல் பொய் வழக்கில் ஒரு மாதம் சிறையில் கிடந்தார். 1952இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையும் அவரிடம் இருந்தது. கைதியாகவும் அமைச்சராகவும் சிறையைப் பார்த்தவருக்கு, அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டதும் விளங்கியிருக்கும்.

முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் கையெழுத்து இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்து அது செய்ததுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. சிறை நிர்வாகத்திடம் அறிக்கை கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பதோடு நிற்காமல், ஒய்.எஸ். சித்தலே, முகுல் முத்கல் என்ற இரு வழக்கறிஞர்களைத் தன் சார்பில் நியமித்துச் சிறைக்குள்ளேயே அனுப்பியது. கைதியைப் பார்க்கலாம், ஆவணங்களைப் புரட்டலாம், சாட்சிகளிடம் பேசலாம் என்று அவர்களுக்கு அதிகாரமும் கொடுத்தது.

உள்ளே போனவர்களுக்குக் கிடைத்ததைக் கவனியுங்கள். காயத்துக்கு அதிகாரிகள் தரப்பில் மூன்று விளக்கங்கள் இருந்தன. கைதி கீழே விழுந்துவிட்டார்; அல்லது தானே காயப்படுத்திக்கொண்டார்; அல்லது அவருக்கு மூல நோய். ஒன்று விபத்து, ஒன்று வேண்டுமென்றே செய்தது, ஒன்று வியாதி. உண்மையில் நடந்ததென்றால் ஒரு கதை போதும். கைதியையும் சிறை மருத்துவரையும் மிரட்டி விஷயத்தை அமுக்கப் பார்த்ததும் வெளிப்பட்டது. காயத்தை முதலில் பார்த்தவர் அந்த மருத்துவர். அவர் எழுதும் நான்கு வரியை மாற்றிவிட்டால், பிறகு எந்த நீதிபதியாலும் எதையும் நிரூபிக்க முடியாது. மிரட்டியவர்களுக்கு அது தெரிந்தேயிருந்தது.

1979 டிசம்பர் 20இல் கிருஷ்ணய்யர், ஆர்.எஸ். பாதக், ஓ. சின்னப்ப ரெட்டி அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. கைதி சட்டவிரோதமாகச் சித்திரவதை செய்யப்பட்டது உண்மை என்றது. செய்தவர் யார் என்பதைக் குற்ற வழக்குக்கு விட்டுவிட்டது. ஆனால் சிறைக் கண்காணிப்பாளரை விடவில்லை. தான் நேரடியாக ஈடுபடவில்லை என்று சொல்லி அவர் தப்ப முடியாது, கண்காணிக்கத் தவறியதும் ஒருவகைக் குற்றமே என்றது. இன்னொரு படி மேலே போய், சிறை ஊழியர்களோடு சேர்ந்துகொண்டு புலனாய்வை இழுத்தடித்ததாகத் தெரிந்த போலீசார் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. விசாரித்தவர்களையே விசாரிக்கச் சொன்ன அந்தப் பத்தியைத்தான் நான் தீர்ப்பின் மிகத் துணிவான பகுதியாகக் கருதுகிறேன்.

அந்தக் கைதியை இனி யாரும் அடிக்கக் கூடாது, பழிவாங்க விலங்கு பூட்டக் கூடாது என்ற உத்தரவும் இருந்தது. புகார் சொன்னவரை மறுபடி அதே வார்டர்களிடம்தானே ஒப்படைக்க வேண்டும்! மற்றக் கைதிகளுக்காகவும் சில ஏற்பாடுகளைச் செய்தார்கள். சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும். அது மாவட்ட நீதிபதியின், மாஜிஸ்திரேட்டின் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்கள் நேரில் வந்து கைதிகளிடம் குறை கேட்க வேண்டும். தனிமைச் சிறை போன்ற கடும் தண்டனைகளுக்கு அமர்வு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தகவல் தர வேண்டும். கைதிகளின் உரிமைகளை விளக்கும் கையேடு ஒன்றை இந்தியில் அச்சிடவும் சொன்னார்கள்.

தீர்ப்பு வந்து ஓராண்டு ஆவதற்குள், 1980 நவம்பரில், பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிய கொடுமை பத்திரிகையில் வெளியானது. அந்த வழக்கு அடுத்த வாரம்.