குளத்தில் போட்ட பீரங்கி

தீபாவளி ராக்கெட்டை எப்படி விட்டீர்கள்? காலி சோடா பாட்டிலில் நிற்கவைத்துத்தானே! தெருவுக்குத் தெரு ஒரு குட்டி விஞ்ஞானி இருப்பான். ‘‘டேய், குச்சி ரொம்ப ஒல்லிடா... அதான் கோணலா போகுது’’ என்று சொல்லி, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நூலால் சேர்த்துக் கட்டுவான். அம்மாவிடம் வாங்கும் திட்டைத் தவிர வேறு செலவு கிடையாது!

கையிலிருக்கும் சாமானை, பெரிதாகக் காசு போடாமல் கொஞ்சம் உசத்திக்கொள்ளும் அந்தப் புத்தி, ஒருமுறை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியையே கதிகலங்க வைத்தது. அதுவும் எங்கே? நீங்கள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறீர்களே, அந்தக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்!

ஊர் பெயர் புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்மப் பல்லவன் தன் எதிரிகளை வென்றதாகச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர். ஆங்கிலேயர் வாயில் அது ‘பொள்ளிலூர்’ ஆனது.

1780 ஜூலை. மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய் இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் நுழைந்துவிட்டார். சென்னையிலிருந்து கிளம்பிய சர் ஹெக்டர் மன்றோ, காஞ்சிபுரத்தில் வந்து முகாம் போட்டார். சாதாரண ஆள் இல்லை, 1764-ல் பக்ஸார் போரை ஜெயித்தவர். குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையுடன் வந்து அவரோடு சேரவேண்டும். வழியில் கொசஸ்தலையாற்றில் வெள்ளம். நாள்கணக்கில் காத்திருந்தார் பெய்லி. அந்தத் தாமதம் போதாதா? ஹைதரின் மகன் திப்பு, குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, திப்புவின் ஆட்கள் தோளில் சுமந்து வந்த சரக்கைப் பார்த்துவிடுவோம்.

வாணம் நமக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா வாணவேடிக்கையிலும் உண்டு, போர்க்களத்திலும் உண்டு. ஹைதரின் அப்பாவே ஆற்காட்டு நவாபின் படையில் ஐம்பது வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்பார்கள். ஆனால், பழைய வாணத்தில் ஒரு சங்கடம். குழாய் காகிதம் அல்லது மூங்கில். மருந்தைக் கெட்டித்து அடைத்தால் குழாயே வெடித்துவிடும். கம்மியாக அடைத்தால் தூரம் போகாது.

மைசூர்க் கொல்லர்கள் என்ன செய்தார்கள்? குழாயை இரும்பில் அடித்தார்கள். அவ்வளவுதான்! கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறினாலும் இரும்பு தாங்கும். அதனால் வாயு பின்பக்கமாக அசுர வேகத்தில் சீறும். வாணம் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் பாயும். திசை மாறாமல் போக, நாலு முழம் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று முழ மூங்கில் கழி, தோல் வாரால் இறுக்கிக் கட்டியது. சில வாணங்களில் கழிக்குப் பதில் வாள் அலகு!

செலவைப் பாருங்கள். ஒரு பீரங்கியை வார்க்க மணங்குக் கணக்கில் உலோகம் வேண்டும். இழுக்க மாட்டு மந்தை வேண்டும். மாட்டுக்குத் தீனி வேண்டும். மழை பெய்தால் சேற்றில் சிக்கும். வாணத்துக்கோ கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மருந்து, மூங்கில். ஒரே ஆள் பல வாணங்களைச் சுமந்துகொண்டு வரப்பு வரப்பாக ஓடலாம். குறி பிசகும்தான். ஆனால், நூறு வாணம் ஒரே சமயத்தில் சீறி வந்தால் குறியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? குதிரையும் மாடும் மிரண்டு சிதறினாலே பாதி வேலை முடிந்தது.

செப்டம்பர் 10, காலை. மன்றோ அனுப்பிய உதவிப் படையையும் சேர்த்து, பெய்லியிடம் கிட்டத்தட்ட நாலாயிரம் பேர். சுற்றிலும் திப்பு. அப்புறம் ஹைதரும் வந்து சேர்ந்தார். கம்பெனி சிப்பாய்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அப்போதுதான்... வெடிமருந்து ஏற்றிய வண்டிகள் தடதடவென்று வெடித்தன! வாணம் விழுந்து வெடித்தது என்பது பிரபலமான கதை. இல்லை, பீரங்கிக் குண்டுதான் என்பவர்களும் உண்டு. வரலாற்றாசிரியர்களுக்குள் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எது பட்டிருந்தாலும் பெய்லியின் கதை அத்தோடு முடிந்தது. சரணடைந்தார். 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தும் போனார்.

காஞ்சியில் இருந்த மன்றோ? சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சேதி தெரிந்ததும் சென்னைக்கு ஒரே ஓட்டம். ஓடுகிறபோது கனமான பீரங்கிகளை என்ன செய்வது? காஞ்சிக் கோயில் குளத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்! மூங்கிலில் கட்டிய வாணம் களத்தில் நின்றது, விலை உயர்ந்த பீரங்கி தண்ணீருக்குள் போனது.

கைதட்டுவதற்கு முன் இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைக் கொளுத்தியது. விதைக்க ஆளில்லை. பின்னாலேயே பஞ்சம். சென்னையில் மணியக்காரர் சத்திரம் 1782-ல் தோன்றியதே அந்தப் பஞ்சத்தில் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத்தான். களத்தில் கம்பெனிக்காக விழுந்தவர்களிலும் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள்.

வாணத்தின் கதை மேலே தொடர்ந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்ததும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த வாணங்கள் லண்டன் அருகே வூல்விச்சுக்குக் கப்பலேறின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் ஆராய்ச்சியில் இறங்கினார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அவருடைய ராக்கெட்டுகளில் எரிந்தது. பெயர்? ‘காங்கிரீவ் ராக்கெட்’!

1960-களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்கா போன அப்துல் கலாம், நாஸாவின் வாலப்ஸ் தீவு மையத்து வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைக் கண்டு திகைத்து நின்றாராம். ராக்கெட் விடும் வீரர்கள்... வெள்ளைக்காரர்கள் அல்ல, திப்புவின் ஆட்கள்! 2018-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்கள் கிடைத்தன. துருவேறிய அந்தக் குழாய்களை அடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது.

புள்ளலூர் வயலில் இரண்டு நினைவுத்தூண்கள் இருக்கின்றன. அடுத்த வருடம், 1781-ல், அங்கே நடந்த இன்னொரு சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவை. அடுத்த தடவை பட்டு எடுக்கப் போகும்போது, ஒரு மணி நேரம் ஒதுக்கி எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயர் பொறிக்கப்படாத அந்தக் கொல்லரையும், கம்பெனிச் சிப்பாயையும், கஞ்சிக்கு வரிசையில் நின்ற குடியானவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.